"ரப்பரு" என்று சொல்லக் கூடாத வீடு

கொதிக்கிற தண்ணீரில் ரப்பர் வேகும்போது ஒரு மணம் எழும். புதுச் செருப்புக்கடையும், பால் பொங்கி அடுப்பில் வழிந்த சமையலறையும் ஒன்றாகச் சேர்ந்தது போன்ற அந்த மணம்தான், என் மகள் நிவி தவழ்ந்து, நடந்து, பிறகு யார் பிடிக்கும் அகப்படாமல் ஓடவும் தொடங்கிவிட்ட அந்தப் பருவம் முழுவதற்குமாக என் மூக்கில் தங்கியிருக்கிறது. வெளியே போய் நின்றாலும் தப்ப முடியாது. அருமனைப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டைச் சுற்றி ரப்பர் மரங்கள்தான் நிற்கின்றன. பின்பக்கத்துச் சாய்ப்பில் துவைத்த துணியைப் போல ரப்பர் ஷீட்டுகள் கொடியில் தொங்கும். அவற்றின் புளித்த நெடி மழைக்காலத்தில் தலையணை உறைக்குள்ளும் புகுந்துவிடும். உள்ளே வேகிற ரப்பர், வெளியே காய்கிற ரப்பர், இரண்டுக்கும் நடுவில் இடுப்பில் பிள்ளையும் கையில் இடுக்கியுமாக நான்.

உள்ளே வெந்துகொண்டிருந்தது, நிவி உறங்கும்போது வாயில் வைத்துச் சப்புகிற நிப்பிள். பால் எதுவும் வராது, வெறுமனே சப்பிக்கொண்டு கிடக்கலாம். மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவர், பிள்ளை பிறந்த புதிதில், விடுமுறைக்கு ஊர் வந்த நண்பர் கையில் கொடுத்தனுப்பிய பெட்டியில் பேரீச்சம்பழத்துக்கும் பால்பொடிக்கும் இடையில் அது இருந்தது. என் மாமா, அதாவது கணவரின் அப்பா, அதை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தார். அவர் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமி காலமான பிறகு, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ரப்பர் மரங்களில் தாமே பால் வெட்டுகிறார். "கொள்ளாமே! நம்ம ரப்பரு கடல் தாண்டிப் போயி, வேஷம் மாறித் திரும்பி வந்திருக்கு" என்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் அந்தப் பொருளுக்கு "ரப்பரு" என்றே பெயர் விழுந்துவிட்டது.

நிவி முதன்முதலில் பேசிய சொல்லும் அதுதான். வாய்க்குள் அதை வைத்துக்கொண்டே "அப்பு... அப்பு..." என்பாள். வீடியோ அழைப்பில் அதைக் கேட்ட என் கணவர், மகள் தம்மைத்தான் அழைக்கிறாள் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டார். நான் திருத்தவில்லை. அவ்வளவு தொலைவில் இருக்கிற மனிதரிடம், அவள் அழைத்தது உங்களை அல்ல, நீங்கள் அனுப்பிய நிப்பிளை என்று எப்படிச் சொல்வது?

முதல் ஆண்டில் எனக்கு அதன்மேல் ஒரு குறையும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விளக்கை அணைத்து, ரப்பரை வாயில் வைத்து, முதுகில் தட்டினால் "ச்சுப், ச்சுப்" என்று ஒரு சத்தம் கொஞ்ச நேரம் கேட்கும். சத்தத்தின் இடைவெளி கூடக் கூட அவள் உறக்கத்துக்குள் இறங்குகிறாள் என்று தெரிந்துகொள்வேன். மறுபடி வேலைக்குப் போகலாம் என்று கணிதப் பாடப் புத்தகங்களைத் திறந்து வைத்ததெல்லாம் அந்தச் சத்தத்தின் தைரியத்தில்தான். ஆனால் அது எங்காவது உருண்டு விழுந்துவிட்டால் கதை முடிந்தது. கட்டிலுக்கடியில், மெத்தையின் இடுக்கில், மாமாவின் சட்டைப் பையில் என்று நானும் மாமாவும் டார்ச்சோடு தவழ்வோம். இங்கே அழுகைக்குக் "கரைச்சல்" என்பார்கள். நாகர்கோவிலில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல் முதலில் விநோதமாக இருந்தது. ரப்பர் காணாமற்போன ஒரு வேளையில் நிவி அழுததைக் கேட்ட பிறகு, கரைந்து போவது யார் என்பது எனக்கு நன்றாகவே விளங்கிவிட்டது.

அவளுக்கு இரண்டு வயது கடந்திருந்த ஆண்டில், இடவப்பாதி என்று இங்கே சொல்கிற ஜூன் மாத மழையோடு சளி வந்தது. சளி போனபோது காதைப் பிடித்துக்கொண்டு போனது. காலையில் தலையணையில் மஞ்சளாக ஒரு கறை. மருந்து விட்டால் நிற்கும், மறுமாதம் திரும்பவும் வரும். மார்த்தாண்டத்தில் காது மூக்கு தொண்டை பார்க்கும் மருத்துவரம்மாவிடம் கொண்டு போனோம். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குக் கேள்வி எப்படி?" என்று கேட்டார். நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள் அல்லவா, "ரொம்பக் கேக்கறதில்ல டாக்டர், இனிதான் கேள்வி கேக்கத் தொடங்கணும்" என்று பதில் சொன்னேன். என்னையும் நிவியையும் ஒன்றுபோல "மக்களே" என்றே அழைக்கிற மாமா, பக்கத்தில் நின்று மெதுவாக, "காது கேக்குதான்னு கேக்காவ மக்களே" என்றார். மாவட்டத்தின் இந்த மேற்குப் பக்கத்தில் செவிப்புலனுக்குக் கேள்வி என்று பெயர்.

மருத்துவர் சிரிக்கவில்லை. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டி நிற்கிறது, இந்த நிப்பிளைச் சப்பிக்கொண்டே உறங்குவதும் அது வடியாமல் இருக்க ஒரு காரணம் என்றார். "ஓணம் கழிஞ்சு வாங்க. அதுக்குள்ள இது நிக்கணும். நீர் அப்படியே நின்னா கேள்வி குறையும், பேச்சும் வராது. பிறகு மயக்கம் கொடுத்துக் காதுல சின்னக் குழாய் வைக்க வேண்டி இருக்கும்."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அந்தக் குழாய்தான் கண்ணுக்குள் நின்றது. வீட்டுக்கு வந்த நிமிடத்திலிருந்து நான் சோதனைகள் நடத்தத் தொடங்கினேன். அவளுக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லிப் பார்ப்பேன், திரும்ப மாட்டாள். எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுவேன், திரும்ப மாட்டாள். அதே பிள்ளை, மாமா முன்னறையில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் கொல்லையிலிருந்து ஓடி வருவாள். அப்படியானால் காது கேட்கிறதா, இல்லை பிஸ்கட் நேரம் என்று பழக்கத்தில் வருகிறாளா? கேட்காதவளா, கேட்டும் கேளாதவளா? முதலாவதென்றால் மருத்துவம் உண்டு. இரண்டாவதென்றால் என் வளர்ப்பு சரியில்லை என்று ஆகிறது. எது மேல் என்று எனக்கே தெரியவில்லை.

நான் செய்த முதல் காரியம், படித்தவர்கள் எல்லாரும் செய்வது போல, போனில் தேடியதுதான். படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை சொன்னது; ஒரேயடியாக நிறுத்த வேண்டும் என்று அதற்குக் கீழேயே இன்னொன்று சொன்னது. நுனியைக் கத்தரித்துவிட்டால் காற்றுப் போய்ச் சுவை கெட்டுவிடும், பிள்ளை தானாகவே எறிந்துவிடும் என்று ஒரு வெள்ளைக்காரத் தாய் காணொளியில் புன்னகையோடு விளக்கினாள். கத்தரித்துக் கொடுத்தேன். நிவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எறியவில்லை. நேராக மாமாவிடம் கொண்டு போய், பேருந்தும் பால்வெட்டுக் கத்தியும் செப்பனிடத் தெரிந்த அந்த மனிதரிடம் நீட்டி, "ஒட்டு" என்றாள். அவரும் பசையைத் தேடிப் போனார். நான் போய்ப் பிடுங்க வேண்டியதாயிற்று. அன்றைக்குக் கரைச்சல் தாங்காமல் அலமாரியிலிருந்த இன்னொரு ரப்பரை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

மைனி, என் கணவரின் அக்கா, அடுத்த வளவில்தான் இருக்கிறார். வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, நடப்பதையெல்லாம் ஒரு சொட்டு சிந்தாமல் கவனித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நீ இப்படி போனப் பாத்துப் பாத்துப் பிள்ளைய வளத்தா, அது உன்ன அம்மான்னு விளிக்காது கேட்டியா, போனேன்னுதான் விளிக்கும்."

"பின்ன என்ன செய்யணும் மைனி?"

"சென்னிநாயகம் தேச்சு விடு. எனக்க மூத்தவன் பால்குடி மறந்தது அதுலதான். ஒருக்க நக்கினா பிறகு அந்தப் பக்கம் திரும்பாது."

சென்னிநாயகம் என்பது கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி உறைய வைத்த கறுப்புக் கட்டி. தாய்மார் பால் மறக்கடிக்க முலையில் உரைத்துப் பூசுவது. கருங்கல் ஊரில், சந்தைப் பக்கத்து மருந்துக்கடையில் மாமாவை வாங்கி வரச் செய்தேன். உரைத்த விரலை அறியாமல் உதட்டில் வைத்துவிட்ட எனக்கு அன்று மத்தியானச் சோறும் மாலைத் தேநீரும் எல்லாமே கசந்தன. நிவியோ, அது பூசிய ரப்பரை வாயில் வைத்தாள், முகம் சுருங்கிற்று, ஒரு நடுக்கம் உடம்பெல்லாம் ஓடிற்று. வென்றுவிட்டோம் என்று நான் மைனியைத் திரும்பிப் பார்த்த நேரத்தில், அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சப்பத் தொடங்கினாள். கசப்பு முழுதும் தீரும் வரை சப்பித் தீர்த்து, பிறகு நிம்மதியாக உறங்கினாள். மறுநாள் அந்தக் கறுப்புக் கட்டி இருந்த டப்பியைக் காட்டி, "அது" என்று கேட்டாள்.

"உனக்க பிள்ளைக்கு நாக்கும் இல்லியோ?" என்றார் மைனி. காதைப் பற்றிய பயத்திலிருந்த எனக்கு அந்த "நாக்கும்" என்ற சொல்லில் வந்த "உம்" சுருக்கென்று தைத்தது. அடுக்களைக்குள் போய், மைனியைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் முணுமுணுத்துவிட்டு வந்தேன்.

மஸ்கட்டிலிருந்து வந்த யோசனை இவை எல்லாவற்றையும் விட மேலானது. "பிள்ள அவ்வளவு கரையுதுன்னா கொடுத்துரேன். இந்த மாசக் கடைசியில நம்ம கூட்டுக்காரன் வாறான். கொஞ்சம் பெரிய சைஸ்ல ரெண்டு கொடுத்து விடுகேன்" என்றார் என் கணவர். "காதுக்கு?" என்று கேட்டேன். "காதுக்கு மருந்து இருக்குல்லா" என்றார். அழைப்பைத் துண்டித்துவிட்டு, நெட்வொர்க் இல்லை என்று பிறகு செய்தி அனுப்பினேன்.

இந்த நிலையில்தான் மாமா, யாரிடமும் கேட்காமல், காரியத்தைத் தம் கையில் எடுத்தார். ஒரு மாலை நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"மக்களே, இந்த ரப்பரு யாருக்க பிள்ளை சொல்லு பாப்போம். இந்தா நிக்கே இந்த மரத்துக்க பிள்ளை. அம்மை தேடுது. பாரு, வெட்டுன எடத்துலயெல்லாம் வெள்ளையா கண்ணீரு வடியுது. பிள்ளைய அம்மைக்கிட்ட கொடுத்துருவோமா?"

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நிவி மரத்தையும் கையிலிருந்த ரப்பரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, எத்தனையோ கட்டுரைகளும் கத்தரிக்கோலும் கசப்பும் செய்ய முடியாததை, தானாகவே செய்தாள், ரப்பரை நீட்டினாள். பால் வடியும் தேங்காய்ச் சிரட்டையைத் தாங்குவதற்காக மரத்தில் சுற்றியிருந்த கம்பியில் மாமா அதைக் கட்டித் தொங்கவிட்டார். "டாட்டா" என்று கையசைத்துவிட்டு இருவரும் வந்தார்கள். அன்று படுக்கையில் கொஞ்சம் சிணுங்கினாள், "ரப்பரு அம்மா கிட்ட போச்சு" என்றேன், மாமாவின் கதை என் வாயிலும் வேலை செய்தது, உறங்கிவிட்டாள். தாய்மார்களின் வாட்ஸாப் குழுவில், குழந்தைகளை வற்புறுத்தாமல் கதைகள் வழியாக வழிநடத்துவது பற்றி ஒரு நீளமான செய்தி போட்டேன். கைதட்டல்கள் வந்து குவிந்தன. அந்தச் செய்தியை மறுநாள் அழிக்கப் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டது, அழியவில்லை.

ஏனென்றால் மறுநாள் காலையில், நான் தோசைக்கல்லிலிருந்து திரும்பிப் பார்ப்பதற்குள் பிள்ளையைக் காணவில்லை. பின்கதவு திறந்து கிடந்தது. ஓடினேன். மாமா விடியுமுன்பே பால் வெட்டிவிட்டுப் போயிருந்தார். சிரட்டைகளில் பால் நிறைந்திருந்த நேரம். அந்த மரத்தடியில் நிவி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் நாட்களில் நான் தேனில் தொட்டுக் கொடுத்தது போலவே, ரப்பரைச் சிரட்டையிலிருந்த ரப்பர்ப்பாலில் முக்கி முக்கி வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். உதடு, கன்னம், புருவம், முன்தலை எல்லாம் வெள்ளை. என்னைக் கண்டதும் மிகுந்த மகிழ்ச்சியோடு, "அம்மா பால்" என்றாள்.

நான் போட்ட கூச்சலுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள்கூட வந்திருக்க வேண்டும். பிள்ளை எதையும் விழுங்கியிருக்கவில்லை; உதட்டில் பட்டது அதற்குள்ளாகவே இறுகி, தோல் போல உரிந்து வந்தது. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். வாயைக் கழுவிவிட்டு, வாந்தியோ மூச்சுத் திணறலோ இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேங்காயெண்ணெய் தேய்த்து முகத்தை எடுத்தோம். தலைமுடியில் ஒட்டியது போகவே இல்லை, முன்பக்கம் கத்தரித்தோம். ரப்பரு கெட்டியாக உறைந்து, ஒரு வெள்ளை உருண்டையாகி, தூரப்போடும்படி ஆயிற்று. வேலிக்கு மேலாக மைனி கேட்டார்:

"பாலும் எடுத்தாச்சு, ஒறையவும் வச்சாச்சு. இனி பிள்ளைய மெஷினுல விட்டு ஷீட்டு அடிக்கப் போறியளா?"

நினைத்துப் பார்த்தால் நிவியின் கணக்கில் பிழையே இல்லை. பிள்ளை அம்மாவிடம் போயிருக்கிறது. அம்மாவிடம் பால் இருக்கிறது. பிள்ளைக்குப் பால் கிடைக்கும். நாற்புறமும் தென்னையோ நெல்லோ நிற்கிற வீட்டில் இப்படி ஒன்று நடந்திருக்காது. எங்கள் வீட்டில்தான் மரத்துக்கும் பால், பிள்ளைக்கும் பால். மரமும் ரப்பர், வாயில் வைப்பதும் ரப்பரு. ஆனால் இந்தத் தெளிவு எனக்குப் பிறகுதான் வந்தது. அப்போது வந்தது ஆத்திரம். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து மாமாவின் முன் நான் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன்.

"போதும் மாமா! நீங்க கத சொல்லிச் சொல்லிப் பிள்ள சாகத் தெரிஞ்சுது. இனி இந்த வீட்டுல ரப்பருங்கற பேச்சே யாரும் எடுக்கக் கூடாது. யாரும்!"

பால்வெட்டுக் கத்தியைக் கையில் பிடித்தபடி அவர் நின்றார். "சரி மக்களே" என்றார். அவ்வளவுதான்.

அருமனைப் பக்கத்தில், மரமும் வருமானமும் பேச்சும் எல்லாமே ரப்பராக இருக்கிற ஒரு வீட்டில் இப்படி ஒரு சட்டம் போட்டால் என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவில்லை. மாமா தீவிரமாகக் கடைப்பிடித்தார். நாள்தோறும் விலை கேட்டுக் கடைக்காரருக்குப் போன் செய்யும் வழக்கம் அவருக்கு உண்டு. நிவி பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்க, அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு பேசுவதை நான் கேட்டேன்:

"ஏலே, அதுக்கு இன்னைக்கு என்ன வெல? ... அதுதாம்பிலே. மரத்துல இருந்து வாறது. ... தேங்கா இல்லலே! ... மிளகும் இல்ல. வெள்ளையா, நீட்டமா, காயப் போடுவோம்லா ... அப்பளமா? நீ போனை வையி."

தொலைக்காட்சியில் வேளாண் செய்தி வந்தால் ஒலியை அணைத்துவிடுவார். "அந்தச் சாதனம்" என்பார், "பின்பக்கத்து மரம்" என்பார். ஷீட்டு எடுக்க மோட்டார் பைக்கில் வருகிற வியாபாரிக்கு மட்டும் சட்டம் தெரியாது. வாசலில் வண்டியை நிறுத்தி, "ரப்பரு ஷீட்டு உண்டாஆ?" என்று அவர் போட்ட சத்தத்தில், மூன்று நாளாக அடங்கியிருந்த நிவி பெருங்குரலெடுத்துக் கரைந்தாள். ஒரு கணம் எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது, காது கேட்டிருக்கிறதே என்று. மறுகணமே, அவ்வளவு உரக்கக் கத்தினால் யாருக்குத்தான் கேட்காது என்று தோன்றிவிட்டது.

சட்டத்தால் இன்னொன்றும் நடந்தது. சொல் தவறிவிடுமோ என்ற பயத்தில் மாமா பிள்ளையோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். அவளை உறங்க வைக்கிற நேரத்தில் வெளியே போய் உட்கார்ந்துகொள்வார். கொஞ்சம் கழித்து ஜன்னலோரம் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஒறங்கியாச்சா?" என்று மட்டும் கேட்பார். ஆச்சு என்றால் செருப்புச் சத்தம் விலகிப் போகும்.

அவள் எப்படி உறங்கினாள் என்று சொல்ல வேண்டுமே. கதையும் இல்லை, கசப்பும் இல்லை, கட்டுரையும் இல்லை. "இல்ல நிவி. காது வலிக்கும். அது இல்ல" என்று உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அழுதாள், உதைத்தாள், தலையணையை எறிந்தாள், என் மூக்கைக் கடித்தாள். எந்த இரவில் என்று நினைவில்லை, அழுது ஓய்ந்த களைப்பில் கையால் துழாவி, என் காது மடலைப் பிடித்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டத் தொடங்கினாள். உருட்டிக்கொண்டே உறங்கிப்போனாள். மறுநாளும் அதே. கம்மலைக் கழற்றி வைத்தேன். காது சிவந்து, பிறகு கன்றி, தலை சீவும்போது வலித்தது. ஒன்றை விடுவிக்க இன்னொன்றைப் பழக்கிவிட்டேனோ என்று திரும்பவும் போனில் தேடினேன். பரவாயில்லை என்று ஒரு கட்டுரையும், உடனே நிறுத்துங்கள் என்று ஒரு கட்டுரையும் இருந்தன. இந்த முறை இரண்டையும் மூடிவிட்டேன்.

ஓணம் கழிந்தது. மார்த்தாண்டத்துக்கு ஆட்டோவில் போனோம். மாமாவும் குடையோடு முன்பக்கம் ஏறிக்கொண்டார். மருத்துவரம்மா விளக்கடித்துப் பார்த்து, "நீர் நல்லா வடிஞ்சிருக்கு. நிப்பிள நிறுத்தியாச்சா?" என்றார். நான் தலையாட்டினேன். "சரி, கேள்வி பாப்போம்" என்று எழுந்தார்.

அவருடைய அறையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. நிவி அதன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். மருத்துவர் பின்னால் நின்று ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினார். திரும்பவில்லை. மெதுவாகப் பெயரைச் சொன்னார். திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னார். ஒரு சிவப்பு மீன் இடப்பக்கம் போயிற்று, அவளும் இடப்பக்கம் போனாள். மருத்துவர் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். "எதுக்கும் முழு டெஸ்ட் ஒண்ணு எழுதித் தாறேன். அதப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்." முடிவு என்பது என்ன என்று எனக்குத் தெரியும்.

மாமா கதவோரம், குடையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, மூச்சோடு மூச்சாக, உதடு பிரிந்ததா இல்லையா என்றே தெரியாத அளவுக்குச் சொன்னார்:

"ரப்பரு."

நிவி வெடுக்கென்று திரும்பினாள். "எங்க?"

மருத்துவரின் பேனா நின்றது. "யாரு என்ன சொன்னா? எனக்கே சரியாக் கேக்கலியே!" என்றவர், விஷயம் விளங்கியதும் சிரித்துவிட்டார். "பெரியவரே, அந்த மூலைக்குப் போயி இன்னொருக்கச் சொல்லுங்க." மாமா மூலைக்குப் போனார். என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். சொன்னார். நிவி மூலைக்குத் திரும்பினாள். இந்தக் காதைப் பொத்தி ஒருமுறை, அந்தக் காதைப் பொத்தி ஒருமுறை. என் வீட்டில் சொல்லக் கூடாதென்று நான் தடுத்த சொல்லை, மாமா அந்த அறையின் நாலு பக்கத்திலிருந்தும் சொன்னார். எழுதத் தொடங்கிய தாளை மருத்துவர் கசக்கிக் கூடையில் போட்டார்.

அந்த மகிழ்ச்சியை அனுபவிக்க எனக்கு ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை. இத்தனை பேர் இத்தனை முறை சொல்லியும் ரப்பரு வரவில்லை என்பதை நிவி உணர்ந்துவிட்டாள். மார்த்தாண்டம் பாலத்தில் தொடங்கிய கரைச்சல் அருமனைக்கு வந்தும் அடங்கவில்லை. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "பிள்ளைக்கு ஊசி போட்டாவளா?" என்று கேட்டார். "இல்ல, பேரு சொன்னாவ" என்றார் மாமா. கொஞ்ச தூரம் போனதும் அவரே, "வேற வழி தெரியல மக்களே. வாயில வந்துட்டு" என்றார். மடியில் உதைத்துக்கொண்டிருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி, சத்தத்துக்கு மேலாக நான் கத்த வேண்டியிருந்தது: "இனி சொல்லலாம் மாமா! நல்லாச் சொல்லலாம்!" அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆட்டோவை நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைத்து, ஓட்டுநரின் தோளைத் தட்டினார்.

இப்போது நிவி பள்ளிக்கூடம் போகிறாள். ரப்பர் என்றால் அவளுக்குப் பென்சிலால் எழுதியதை அழிக்கிற பொருள்தான். வாரத்துக்கு ஒன்று தொலைக்கிறாள். காது மடலையும் எப்போதோ விட்டுவிட்டாள். எந்த நாளில் என்று நான் கவனிக்கவில்லை, கம்மலை மறுபடி போட்டுக்கொண்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. வாய்க்குள் ரப்பரு வைத்துக்கொண்டு அவள் பேசிய, நானும் மாமாவும் மட்டுமே புரிந்துகொண்ட அந்தக் குழறல் மொழி போய்விட்டது. மாமாவுக்கு அதில் இன்னும் சில சொற்கள் நினைவிருக்கின்றன. கேட்டால் நிவி முறைக்கிறாள்.

இவற்றோடு சேர்ந்து போன இன்னொன்றுக்காகத்தான் நான் உண்மையில் வருந்துகிறேன். அந்தக் காலத்தில் நான் அடுக்களையில் நின்று யாரைப் பற்றியும் எதையும் முணுமுணுக்கலாம், கேட்க ஆளில்லை. இன்று இந்த வீட்டில் முணுமுணுக்க ஓர் இடம் கிடையாது. போன வாரம் மைனி வந்து முற்றத்தில் உட்கார்ந்து, வெயில் சாய்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. மிக்சி ஓடுகிற சத்தத்தின் மறைவில், கதவைச் சாத்திக்கொண்டு, போனில் கணவரிடம் நான் காதோடு காதாக ஒன்று சொன்னேன். மிக்சி நின்றபோது முற்றத்திலிருந்து, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகத் தெறிக்க, பிள்ளையின் குரல் கேட்டது:

"அத்தே, நீங்க எழும்பிப் போறதுக்கு இன்னும் எவ்வளவு நாழி ஆகும்னு அம்மா அப்பாகிட்ட கேக்குது."